குறுக்கே வராத நாய்

பதினோரு மாதம் நான் என் மனைவியின் சாமான்களுக்கு டிரைவராக இருந்தேன். மனைவிக்கு இல்லை, சாமான்களுக்கு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்கு, மகள் வீட்டுக்குப் போவோம். அவள் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய துணிப்பை, முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், முறுக்குத் தூக்கு எல்லாம் என் காரில் வரும். தூக்கு கவிழாமல் இருக்க முன் இருக்கையில் வைத்து அதற்கு பெல்ட் மாட்டிவிடுவேன். பிறகு அந்தப் பேருந்தின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போவேன். அது நிற்கும் இடத்திலெல்லாம் நானும் நிற்பேன்.

ஒருநாள் ஆட்டையாம்பட்டியில் கண்டக்டர் இறங்கிவந்து என் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏனுங்ணா, நானும் ரெண்டு மூணு தடவையா பாக்கறேன். எதுக்குங்க எங்க வண்டி பொறத்தாலயே வாரீங்க?"

"உள்ள எங்க ஊட்டுக்காரம்மா இருக்குதுங்க."

அவர் பேருந்தைப் பார்த்தார். என் காரைப் பார்த்தார். பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த தூக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, நல்ல மனிதர். "கொஞ்சம் தள்ளி வாங்ணா, பிரேக் அடிச்சா மேல ஏத்தீருவீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் ஓட்டுதலைப் பற்றிய சந்தேகம் அதற்குள் ஆட்டையாம்பட்டி வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

விஷயம் இதுதான். என் மனைவி என் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். அவளை மறுபடி அந்த முன் இருக்கையில் உட்காரவைக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். எல்லாம் கார் ரேடியோவின் கரகரப்பால் வந்தது என்று நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்று சொல்லலாம்.

கார் பழசு. அதிலிருக்கும் பொட்டிக்கு ரேடியோ தெரியும், சி.டி. தட்டு போட்டால் பாடத் தெரியும், போனைத் தெரியாது. போனிலிருந்து பாட்டு கேட்க வேண்டுமென்றால் கடையில் ஒரு சின்ன சாதனம் விற்கிறார்கள், எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்று. சிகரெட் பற்றவைக்கக் கொடுத்திருக்கும் துளையில் அதைச் செருகினால், போனில் ஓடுவதை வாங்கி ரேடியோவாக ஒலிபரப்பும். காரின் பொட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முழ தூரத்துக்கு ஒலிபரப்பு நடத்துகிற நிலையம். நான் அதன் இயக்குநர் போல நடந்துகொண்டேன். வண்டியில் யார் ஏறினாலும் முதல் பத்து நிமிடம் அதைப் பற்றித்தான் பேசுவேன்.

இந்தப் பித்து எனக்குப் புதிதல்ல. பல வருடம் முன்பு, செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்குள் பாட்டு இறங்கும் என்று ஒரு ரேடியோ வந்தது. வாங்கினேன். மொட்டை மாடியில் அதன் தட்டையான ஏரியலை வானத்தைப் பார்த்துத் திருப்பித் திருப்பி வைத்ததில் என் கழுத்து சுளுக்கியது. கொஞ்ச காலம் அருமையாகப் பாடியது. பிறகு நம் நாட்டில் அந்தச் சேவையே நின்றுபோனது. பொட்டி இன்னும் பரணில் இருக்கிறது. நின்றதிலிருந்து அதில் துளிக் கரகரப்பு கிடையாது.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் போர்வெல் ரிக் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். எந்த போல்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் ஒரு போல்ட்டைக்கூட என் கையால் முடுக்கியதில்லை. எடுத்துக் கொடுத்ததையே வேலை தெரிந்ததாக நினைத்துக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டேன்.

கரகரப்பு ஆரம்பித்தது ஓர் ஆயுத பூஜைக்குப் பிறகு. எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் வண்டிகளுக்குத்தான் பூஜை. லாரி, ரிக், டிராக்டர், மொபெட் என்று எதையும் விடமாட்டோம். கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்குவோம். இதில் நான் கொஞ்சம் அதிகம். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் பொட்டு வைத்துவிட்டுப் போகிறவன் இல்லை. பானெட்டைத் திறந்து பேட்டரிக்கு வைப்பேன், ஸ்டெப்னிக்கு வைப்பேன், ஜாக்கிக்கு வைப்பேன். சந்தனம் படாத பாகத்துக்குத்தான் ஆபத்து வரும் என்பது என் கொள்கை.

அந்தப் பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் சேலத்துக்குக் கிளம்பினோம். என் மனைவிக்குப் பட்டிமன்றம் உயிர். பாட்டெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம்தான். அன்று ஓடியது 'குடும்பத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவனா மனைவியா'. அவள் மடியில் முறத்தை வைத்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள். கிளம்பியதிலிருந்தே கரகரவென்று இருந்தது. மல்லசமுத்திரம் தாண்டியதும் நடுவர் தீர்ப்புக்கு வந்தார். "ஆகவே பெரியோர்களே, தீர விசாரித்துப் பார்த்ததில், குடும்பத்தில் உண்மையிலேயே அதிகம் விட்டுக்கொடுப்பவர்" என்று இழுத்த இடத்தில் கரகரப்பு அவரை அப்படியே விழுங்கிவிட்டது. நடுவில் எங்கோ ஒரு நிலையத்திலிருந்து கோழித்தீவன விளம்பரம் வேறு எட்டிப்பார்த்தது.

நான் இடது கையை நீட்டி டிரான்ஸ்மிட்டரின் பொத்தானை அமுக்கினேன். அடுத்த அலைவரிசை, அதற்கடுத்தது, பிறகு பொட்டியின் திருகை அதற்கு ஏற்றாற்போல ஒரு சுற்று. கண்ணும் அங்கேயே இருந்தது. தலையை நிமிர்த்தியபோது சாலை வலது பக்கம் திரும்பிவிட்டிருந்தது. நாங்கள் திரும்பவில்லை.

கார் சாலையிலிருந்து இறங்கி மரவள்ளிக் காட்டுக்குள் நாலைந்து வரிசையைச் சாய்த்துக்கொண்டு போய் வரப்பில் முட்டி நின்றது. எனக்கு ஒரு கீறல் இல்லை. அவளுக்கு இடது காறை எலும்பு உடைந்துவிட்டது. கடலைக்காய்த் தோல் மடியெல்லாம் சிதறிக் கிடக்க, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தாள். பொட்டி மட்டும் விடாமல் கரகரத்துக்கொண்டிருந்தது.

காட்டுக்காரர் ஓடிவந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "நாய் குறுக்க வந்துருச்சுங்க."

யோசித்துச் சொன்னதில்லை. தானாக வந்தது. அவர் அக்கறையாக, "எந்தப் பக்கம் போச்சுங்க?" என்று கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். அவரும் அந்தத் திசையை ஒரு முறை பார்த்தார். அப்படிப் பிறந்ததுதான் என் நாய்.

ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரர்கள், எங்கள் பேச்சில் ஒறம்பரை, எல்லாம் ஆரஞ்சுப் பையோடு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நாயைச் சொன்னேன். முதல் நாள் அது வெறும் நாய். இரண்டாம் நாள் கறுப்பு நாய். மூன்றாம் நாள் அதன் கழுத்தில் ஒரு கயிறு வந்துவிட்டது. என் மச்சானிடம் சொல்லும்போது, அது நடுரோட்டில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது என்றுகூடச் சொன்னேன். "வாயில்லா சீவன், எப்படி ஏத்தறது சொல்லுங்க" என்றேன். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிலில் கைக்குத் தூளி கட்டிக்கொண்டு படுத்திருந்த என் மனைவி, யாராவது அவள் முகத்தைப் பார்த்தால், "ஆமாங்க, நாய்தானுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ராத்திரியில் அவள் வலியில் முனகும்போது என் கையை நானே வெறுத்தேன். ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. அவள் குனிந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், எதையும் பார்க்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

எலும்பு கூடி, காரையும் நசுங்கல் எடுத்துக் கொண்டுவந்தபின், முதல் தடவையாக அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சாவியைத் திருப்பினேன். பொட்டி கரகரவென்று உயிர் பெற்றது. அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு என்னால வர முடியாதுங்க. நான் பஸ்ஸுல வாரேன்."

"பொட்டிய அமத்திப் போடறேன், ஏறு."

"அமத்திட்டு எத்தன தூரமுங்க ஓட்டுவீங்க?"

இதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளும் அறிவு எனக்கு அன்று இல்லை. கரகரப்பைச் சரிசெய்யச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பொட்டியையே பிடுங்கிப் பரணில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் குறுக்கே வந்தது நாய் என்றால் ரேடியோவை எதற்குப் பிடுங்குகிறாய் என்று யாராவது கேட்டுவிட்டால்? நாயைக் காப்பாற்ற வேண்டுமானால் ரேடியோவும் வண்டியில் இருந்தாக வேண்டும். என் பொய்க்கு நானே இப்படிக் காவல் நின்றேன்.

ஆகவே ரிப்பேரில் இறங்கினேன். முதலில் வேறு டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன், நீல விளக்கு எரிகிற ஒன்று. விளக்கு நன்றாக எரிந்தது. பிறகு ஒயரில் மாட்டினால் இரைச்சலைக் குடித்துவிடும் என்று ஒரு கறுப்புக் குண்டு. அது எதையும் குடிக்கவில்லை. பிளக் ஒயர்களை மாற்றினேன். டைனமோதான் இரைகிறது என்று ஒருவர் சொன்னார், அதைக் கழற்றிப் பார்த்தவர் நன்றாக இருக்கிறது என்று மாட்டிக் கொடுத்தார். இன்ஜினை அமர்த்தினாலும் கரகரக்கிறதே, அப்புறம் டைனமோ எப்படி இரையும் என்று அன்று யோசிக்கவே இல்லை. வீட்டு வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குப்புறப் படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு செம்புக் கம்பியை இழுத்து ஒரு போல்ட்டில் கட்டினேன். மறுநாளிலிருந்து ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடியது. பிரித்துவிட்டேன்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவளைக் கூப்பிடுவேன். அவளும் மறுக்காமல் வருவாள். நிற்கிற வண்டியில்தான் உட்காருவாள், அதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வலது கால் உள்ளே, இடது கால் வெளியே மண்ணில். நான் பட்டிமன்றத்தை ஓடவிடுவேன். அரை நிமிடம் கேட்பாள். "இன்னும் கரகரன்னுதானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். அந்த இடது கால் ஒருநாளும் உள்ளே வரவில்லை. ரேடியோவைக் கவனிப்பதாகப் பேர், நான் அந்தக் காலையும் அதன் ரப்பர் செருப்பையும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. போன தடவை எங்கோ குறை வைத்துவிட்டேன் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வருடம் ஒரு கிண்ணத்துக்கு இரண்டு கிண்ணமாகச் சந்தனம் கரைத்துப் போன தடவை வைத்த இடமெல்லாம் மறுபடி வைத்தேன். கரகரப்பு முன்பைவிட அதிகமாயிற்று. வண்டிக்கு வயசாகிறது என்று முடிவுசெய்தேன்.

அப்போதுதான் மகளுக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள், கார்த்திகையில். வளையல் போட்டதும் அன்றே பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். என் மனைவி சமையலறையிலிருந்தபடியே, மிக்ஸி சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்:

"அன்னைக்குக் கால் டாக்ஸி பேசிக்கலாமுங்க."

"ஊட்டுல கார் நிக்குது. டாக்ஸி எதுக்கு?"

"வயித்துப் பிள்ளக்காரி வாராளுங்க."

பெற்ற மகளை அழைத்துவர அடுத்தவன் வண்டி. நான் என்ன செய்வேன் அன்றைக்கு? டாக்ஸிக்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டுக்கு பெல்ட் போட்டு ஓட்டிக்கொண்டு வருவேனா? அன்றிரவு சோறு இறங்கவில்லை. கோபம் டாக்ஸி மேல் இல்லை, அவள் மேலும் இல்லை. யார் மேல் என்று தெரிந்தும் அந்தப் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொண்டேன்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு, கடைசி முயற்சியாக, சங்ககிரி ரோட்டில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். நாற்பது வயதிருக்கும். ரிக் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறவர், கார் ரேடியோவெல்லாம் அவருக்குக் கால்தூசு. நான் அதுவரை செய்த வைத்தியங்களை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்டோர்ஸ் அனுபவத்தையும் இடையில் இரண்டு தடவை நுழைத்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"பொட்டிய மட்டும் போட்டு உடுங்க" என்றார்.

போட்டேன். போனில் ஓடவிட்ட பட்டிமன்றம் கரகரத்தது. அவர் காருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூரைமேல் இருக்கும் ஏரியல் கம்பியைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றினார். அது இருந்த துளையில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்தார். பொட்டியிலிருந்து நடுவரின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கணீரென்று வந்தது. எடுத்தார், கரகரப்பு. வைத்தார், நடுவர்.

கம்பியின் அடியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். திருகு மரை முழுக்க மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"என்னங்க இது, வாசமா இருக்குது?"

எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி கழுவும்போது ஒடிந்துவிடக்கூடாதென்று அந்தக் கம்பியை நான்தான் கழற்றிவைப்பேன். கம்பி ஒல்லி, வெளியே சந்தனம் வைத்தால் காற்றில் உதிர்ந்துவிடும். அதனால் துளைக்குள்ளேயே விரலை விட்டு நன்றாக அப்பி, அதன்மேல் கம்பியை முடுக்கினேன். இரண்டு வருடம், இரண்டு தடவை. அப்படி வைத்தபோது என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

"சந்தனமுங்க" என்றேன்.

"மரைக்குள்ளயுங்களா?"

"ஆயுத பூஜைக்கு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "நானும் எத்தனையோ ரிக் வண்டிக்குப் பூஜ பாத்திருக்கறனுங்க. மரைக்குள்ள யாரும் வெச்சு பாத்ததில்லீங்க. உள்ள காஞ்சு போயி கம்பிக்கும் இதுக்கும் தொடர்பே இல்லாம நிக்குது. ஸ்டேசன் எடுக்காம கரகரங்காம என்ன பண்ணும்?" என்றார். பெட்ரோல் தொட்ட துணியால் துளையைத் துடைத்தார், கம்பியை உப்புத்தாளில் தேய்த்தார், மாட்டினார். ஐந்து நிமிட வேலை. நான் என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் என்னத்தங்க வாங்கறது, அடுத்த வருசம் வெளிய வெய்யுங்க, போதும்" என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே காருக்குள் உட்கார்ந்திருந்தேன். நடுவர் தெள்ளத்தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆபத்து வரக்கூடாது என்று வைத்த சந்தனம். அதனால் கரகரப்பு. அதை விரட்டப்போன என் கை. மரவள்ளிக் காடு. அவள் தோள். வரிசையாக எண்ணிப் பார்த்தேன். எங்குமே நாய் வரவில்லை. அத்தனை மாதத்தில் எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். லாரிப் பட்டறை முன்னால், பட்டிமன்றத்தைக் கேட்டுக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். கை துடைத்துக்கொண்டே வந்தாள். வழக்கம்போல வலது கால் உள்ளே, இடது கால் மண்ணில். நான் அந்தப் பழைய பட்டிமன்றத்தின் முடிவிலிருந்து ஓடவிட்டேன். ஒரு பிசிறு இல்லை. "ஆகவே பெரியோர்களே" என்று ஆரம்பித்தார் நடுவர். நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் கேட்டோம். கணவனும் மனைவியும் சமமாகவே விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தீர்ப்பளித்தார். கைதட்டல்.

"இதுக்குத்தானுங்களா?" என்றாள் அவள்.

நான் சந்தனக் கதையைச் சொன்னேன். உண்மையைச் சொல்லத்தான் வந்தேன், ஆனால் வழியில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொண்டது. ஏதோ துப்புத் துலக்கியவன்போல ஏரியல், மரை, தொடர்பு என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நாய்?"

"எந்த நாய்?"

"உங்க நாய்ங்க."

நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அதில் போன மாதம் வைத்த குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"நான் கடலக்கா உரிச்சுட்டுத்தானுங்க இருந்தேன். ரோட்டையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு ஒரு கோழிக்குஞ்சுகூடக் குறுக்க வரல. உங்க கையும் பொட்டி மேல, கண்ணும் பொட்டி மேல. ஏனுங்க, ஏனுங்கன்னு ரெண்டு தடவ கூப்புட்டேன். உங்குளுக்குக் கேக்கல."

கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் அந்த இரண்டு கூப்பிடுதல் எனக்கு ஞாபகமில்லை. கரகரப்பு மட்டும் இருக்கிறது.

"அப்பறம் ஏன் ஆசுபத்திரியில எல்லார்த்துகிட்டயும் நாய்ன்னு சொன்னே?"

"நீங்க சொன்னீங்க, நானுஞ் சொன்னேன். வந்த ஒறம்பரை முன்னாடி உங்களைய உட்டுக்குடுக்க முடியுங்களா?" சேலை முந்தானையால் டாஷ்போர்டின் தூசியைத் துடைத்தாள். "எங்கிட்டயாச்சு ஒருநாளைக்குச் சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டே இருந்தேன். நீங்க ஒயரா வாங்கீட்டு வந்து மாட்டிட்டு இருந்தீங்க."

அந்தப் பதினோரு மாதமும் அவள் வந்து உட்கார்ந்து அரை நிமிடம் காத்திருந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு தடவையும் நான் கரகரப்பைப் பற்றியே பேசியிருக்கிறேன்.

"நாய் வரல" என்றேன். "நாந்தான் பொட்டிய நோண்டிட்டு இருந்தேன். ரோட்டப் பாக்கல. நீ கூப்புட்டதும் கேக்கல."

"ம்" என்றாள். பிறகு குனிந்து, டிரான்ஸ்மிட்டரைத் துளையிலிருந்து பிடுங்கித் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும்." இடது காலின் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, காலை உள்ளே எடுத்துவைத்துக் கதவைச் சாத்தினாள். "மல்லசமுத்திரம் தாண்டி அந்த வளைவு வரைக்கும் போய்ட்டு வரலாமுங்க. நாளன்னைக்குப் புள்ளைய ஏத்திட்டு வாரதுக்கு முன்னாடி நான் ஒருக்கா உக்காந்து பாக்கோணும்."

போனோம். அந்த வளைவில் அவள் கை கதவின் பிடியை இறுக்கிக்கொண்டது. என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருப்பதை அவள் பார்த்தாள், நானும் பார்த்துக்கொண்டேன். மரவள்ளி மறுபடி ஆளுயரம் வளர்ந்து நின்றது.

வளைகாப்பு முடிந்து மகளை அழைத்து வந்தது என் காரில்தான். முன் இருக்கையில் மனைவி, பின்னால் கை நிறைய வளையலோடு மகள், அவள் பக்கத்தில் பெல்ட் போட்ட சீர்த்தட்டு. பொட்டியை நான் தொடவில்லை. சும்மா வருவது மகளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். "ஏப்பா, பாட்டு ஒண்ணும் போடலியா?" என்று கேட்டாள். "ரோட்டப் பாக்கறேன் கண்ணு" என்றேன்.

அதே வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்க வேப்பமரத்தடியிலிருந்து ஒரு நாய் எழுந்தது. செவலை நிறம். கழுத்தில் கயிறு எதுவும் இல்லை. நான் வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டேன். மெதுவாக பிரேக்கை மிதித்து, மகளின் வளையல்கூடக் குலுங்காமல் வண்டியை நிறுத்தினேன். நாய் அவசரமே இல்லாமல் சாலையைக் கடந்தது. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அது அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மகளுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"பாத்துக்குங்க. நாய்ன்னா இப்படித்தானுங்க வரும்."